வலது பக்கத்தில் ஆறு நட்டு

குவைத்
12.02.1981

ஸாலிஹாவுக்கு ஸலாம்.

போன கடிதத்தில் கையில் சின்னக் காயம் என்று எழுதியிருந்தேன். சின்னக் காயமில்லை. பாரந்தூக்கியின் சங்கிலிக்குள் என் இடது கை அகப்பட்டுவிட்டது. நீ பதறுவாய் என்று மறைத்தேன். நேற்றுத்தான் கட்டை அவிழ்த்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். பெருவிரலும் சுட்டுவிரலும் கொஞ்சம் அசையும். மற்ற மூன்றும் நீட்டியபடி நிற்கின்றன, மடங்காது. உள்ளே நார் அறுந்துவிட்டதாம். இனிக் கிற்றார் வாசிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து அந்த மனிசன் சிரித்தார்.

என் கிற்றாரைக் குணத்திடம் கொடுத்துவிடு. கல்யாண வீடுகளில் என்னோடு ஆர்மோனியம் வாசித்தவன், அவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். நான் வரும்போது அது வீட்டில் இருக்கக் கூடாது.

வரும்போது என்று எழுதிவிட்டேன். ஓகஸ்டில் என் ஒப்பந்தம் முடிகிறது. இரண்டு கையும் வேண்டிய வேலைக்கு இனி எடுக்க மாட்டார்கள். கேற்றில் காவலுக்கு நிற்கலாம், மேலும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வை என்கிறார்கள். வைக்கலாம் என்றுதான் இருக்கிறேன். கல்முனைக் கடைத்தெருவில் ஒவ்வொருத்தனும் நின்று "காலிதீன், கை எப்பிடி?" என்று கேட்பதை என்னால் தாங்க முடியாது.

மாமா மாமிக்கு ஸலாம் சொல்லு.

காலிதீன்


மருதமுனை
05.03.1981

மச்சான்,

ஸலாம். சொன்னபடி கிற்றாரைக் கொடுத்துவிட்டேன். கடிதம் வாசித்த கையோடு கல்முனைக்கு ஆளனுப்பி, குணம் அண்ணனை ரேடியோக் கடையைப் பூட்டிவிட்டு வரச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது நெஞ்சு ஆறியதா? எனக்கு ஆறவில்லை.

சங்கிலிக்குள் கை போய் இரண்டு மாதம். எனக்குச் சின்னக் காயமாம். நான் யார், உங்கள் பெண்சாதியா, பக்கத்து வளவுக்காரியா? கேற்றில் நிற்கப் போகிறீர்களாம். இங்கேயும் கேற் இருக்கிறது, வந்து நில்லுங்கள். கேட்கிறவன் கேட்கட்டும். நான் பதில் சொல்கிறேன்.

குணம் அண்ணன் கிற்றாரை வாங்கவே மாட்டேன் என்றார். விறாந்தையில் இருந்து, அதை மடியில் மலர்த்தி வைத்துத் தடவிப் பார்த்தார். மறுகா சட்டைப் பைக்குள் கிடந்த திருப்புளியை எடுத்து, அதன் இரும்புத் தண்டைக் கம்பிகளுக்கு மேல் வைத்து மெல்ல இழுத்தார். மச்சான், காலையில் ரேடியோவில் வழுக்கி வழுக்கி அழுகிற மாதிரி ஒரு வாத்தியம் வருமே, நீங்கள் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்க மறந்து கேட்பீர்களே, அந்தச் சத்தம்!

"தங்கச்சி, இதை மடியில கிடத்தி வாசிக்கிற சாதி ஒண்டு இருக்கு. விரல் மடக்கத் தேவையில்ல. இரும்பு ஒண்டப் பிடிக்கத் தெரிஞ்சாப் போதும்" என்றார்.

"அப்ப இந்தக் கிற்றாரையே அப்பிடி வாசிக்கலாமா?" என்றேன்.

"இதில கம்பி பணிஞ்சு கிடக்கு. இரும்பு கட்டையில முட்டும். அதுக்கெண்டு வேற செய்யவேணும்" என்றார்.

செய்யவேண்டுமென்றால் செய்யத்தான் வேண்டும். கொடுத்த கிற்றாரைத் திருப்பி வாங்க மாட்டேன். கொடுக்கச் சொன்னது நீங்கள். நான் புதிதாக ஒன்று செய்கிறேன்.

ஒரு வேலை சொல்கிறேன், செய்யுங்கள். உங்கள் இடது கையை வெள்ளைக் கடதாசியில் வைத்து, சுற்றிவரப் பென்சிலால் கீறி அனுப்புங்கள். எனக்கு அந்த அளவு வேண்டும்.

ஸாலிஹா


குவைத்
24.03.1981

ஸாலிஹா,

கையைக் கீறி அனுப்ப மாட்டேன். அதைப் பார்த்து நீயும் மாமியும் இருந்து அழவா?

கிற்றார் செய்வது நீ தறியில் சாரம் நெய்வது மாதிரி இல்லை. கம்பியை முறுக்கி ஏற்றி இறக்குகிற திருகுச்சாவி வேண்டும். கல்முனையில் கிடைக்காது, கொழும்பிலும் நாலு கடை ஏறி இறங்க வேண்டும். சாவி இல்லாவிட்டால் நீ செய்வது கிற்றார் இல்லை, மீன் வெட்டுகிற பலகை. குணத்துக்கு வேறு வேலையில்லையா? உனக்கு வீண் ஆசை காட்ட வேண்டாம் என்று நான் சொன்னதாக அவனிடம் சொல்லு.

என்னைக் கோபிக்காதே. இங்கே ரேடியோவில் பாட்டு வந்தாலே எழும்பி வெளியே போய்விடுகிறேன்.

காலிதீன்


மருதமுனை
02.05.1981

மச்சான்,

உங்கள் "மாட்டேன்" கிடைத்தது. கை இல்லாமலே தொடங்கிவிட்டேன்.

மீன் வெட்டுகிற பலகை என்றீர்களே, அந்தப் பலகையிலிருந்தே சொல்கிறேன். சூறாவளிக்கு நம் வளவில் விழுந்த பலா ஞாபகமா? அதை அரிந்து பின்கதவுக்கென்று வாப்பா காயப் போட்டிருந்தார். இன்றைக்கும் பின்வாசலில் சாக்குத்தான் தொங்குகிறது. ஒரு பலகையைக் கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே சீவித் தந்தார். மடியில் வைத்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே நீட்டும், அவ்வளவு நீளம். குடையவில்லை, குடம் வைக்கவில்லை. பழைய டெலிபோன் காதுக்குழலுக்குள் இருந்த காந்தத்தையும் கம்பிச் சுருளையும் குணம் அண்ணன் கழற்றிக் கொண்டுவந்து கம்பிகளுக்குக் கீழே பதித்தார். அதிலிருந்து ஒரு வயர் ரேடியோவுக்குப் போகிறது. சத்தம் ரேடியோவால் வரும்.

திருகுச்சாவிக்கு வருகிறேன். கொழும்பு எதற்கு? என் தறியில் பாவு நூலை இழுத்துப் பிடிக்கிற பல்சக்கரம் இருக்கிறதே! பழைய சின்னத் தறியிலிருந்து ஒன்றைக் கழற்றிப் பூட்டி, கம்பியைச் சுற்றினேன். ஒரு பல்லில் நிறுத்தினால் கம்பி தொளதொளவென்று கிடந்தது. அடுத்த பல்லுக்குத் தள்ளினேன். அறுந்து பறந்து வாப்பாவின் தொப்பியைத் தட்டிக்கொண்டு போனது.

"அல்லாஹ்வே! புள்ள, நீ செய்றது கிற்றாரா, எலிப்பொறியா?" என்று வாப்பா எழும்பி முற்றத்துக்கு ஓடிவிட்டார்.

இரண்டு பல்லுக்கு நடுவில் நிற்கத் தெரியாத சாமான் நூலுக்குச் சரி, கம்பிக்குச் சரிவராது என்று விளங்கியது. விட்டுவிடுவோமா என்றுகூட நினைத்தேன். அந்தக் கிழமை வாப்பாவின் சைக்கிளில் கல்முனைக்குப் போகும்போது செயின் கழன்றது. கனகரெத்தினம் அண்ணனின் சைக்கிள் கடையில் விட்டோம். பின்சக்கர அச்சில் ஒரு வளையம் மாட்டியிருக்கும், அதன் வால் புரி வெட்டிய போல்ட். வால் நுனியில் இருந்த நட்டை அவர் திருகத் திருக, சக்கரம் நூலளவு நூலளவாகப் பின்னுக்குப் போய்ச் செயின் இறுகியது. நிறுத்திய இடத்தில் நின்றது. நான் கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணன், இதில ஆறு தாங்க" என்றேன்.

"ஒரு சைக்கிளுக்கு ரெண்டுதானே. வீட்டில மூண்டு சைக்கிளா தங்கச்சி வச்சிருக்கிறீங்க?" என்றார்.

வளையத்தில் கம்பியைக் கட்டினேன். வாலை இரும்புக் கோணத் தகட்டில் போட்ட துளையால் வெளியே எடுத்தேன். பின்னால் சாவி இல்லாமல் விரலாலேயே திருகக்கூடிய, இரண்டு காது வைத்த நட்டைப் போட்டேன். திருகும்போது வளையம் சேர்ந்து சுற்றாமல் இருக்கப் பலகையில் பள்ளம் வெட்டி அதற்குள் படுக்க வைத்தேன். இப்படி ஆறு. எல்லாவற்றையும் பலகையின் வலது நுனியில் பூட்டினேன்.

குணம் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "தங்கச்சி, தலை மாறிப் போச்சே! கிற்றாருக்குச் சாவி இடப்பக்கந்தானே வரும்" என்றார்.

"மாறினா மாறட்டும் அண்ணன்" என்றேன்.

இனித்தான் பெரிய கூத்து. பிரேக் கேபிளைப் பிரித்தெடுத்த ஆறு கம்பி போட்டேன். பாவு ஏற்றினால் எல்லா இழையும் ஒரே இறுக்கம் இருக்க வேண்டும், ஒன்று தளர்ந்தாலும் துணி சுருங்கும். சின்ன வயதிலிருந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தே இறுக்கம் சொல்லுகிறவள் நான். அப்படியே தடவித் தடவி ஆறையும் ஒரே மாதிரி ஏற்றி வைத்தேன். எவ்வளவு பெருமையோடு வைத்தேன் தெரியுமா? குணம் அண்ணன் ஒவ்வொன்றாகத் தட்டினார். தட்டிவிட்டு விறாந்தையில் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஆறு பேரக் கூப்பிட்டு இருத்தினா, ஆறு பேரும் ஒரே கதையக் கதைக்கிறானுகள் தங்கச்சி!"

எனக்கு வந்த கோபத்துக்குப் பலகையைத் தூக்கி அடுப்புக்குள் வைத்திருப்பேன். இப்போது அவர் உங்கள் கிற்றாருக்குச் சுருதி கூட்டுகிற மாதிரியே இதற்கும் கூட்டிப் பார்க்கிறார். இரும்பை வைத்தால் சத்தம் சண்டை பிடிக்கிறது. ஏன் என்று அவருக்கும் விளங்கவில்லை.

நீங்களும் சிரிப்பீர்கள். சிரியுங்கள். சிரித்துவிட்டு எழுதுங்கள்.

ஸாலிஹா


குவைத்
25.05.1981

என் ஸாலிஹாவுக்கு,

சிரித்தேன். அறையில் இருந்த மலையாளிகள் எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தார்கள். கை போனதற்குப் பிறகு நான் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை. கிற்றாருக்குப் பாவு ஏற்ற மருதமுனைக்காரியால்தான் முடியும்!

ஆனால் கேள். நீ செய்தது முழுப் பிழை இல்லை. குணம் செய்வதுதான் பெரிய பிழை. அந்த மடையனை நிறுத்தச் சொல்லு! சாதாரணக் கிற்றாரில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒவ்வொரு விரல் போய் ஒவ்வொரு இடத்தில் அழுத்தும். இதில் விரல் இல்லை, நேராக ஓர் இரும்புதான். அது ஆறு கம்பியையும் ஒரே கோட்டில் தொடும். ஆகவே ஒன்றையும் தொடாமல் ஆறையும் சேர்த்துத் தட்டினாலே ஒத்துப் பாட வேண்டும். தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பிக்கு ச, ப, ச, க, ப, ச. குணத்திடம் இதை அப்படியே வாசித்துக் காட்டு, நெற்றியில் அடித்துக்கொள்வான். ஒரே கதையைக் கதைக்கக் கூடாது, ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். உனக்கு அது பாதி விளங்கித்தான் இருந்திருக்கிறது.

பிரேக் கம்பியை வீசு. ஆறும் ஒரே தடிப்பென்றால் இந்தச் சுருதி நிற்காது. இங்கே ஒரு வாத்தியக் கடை இருக்கிறது. கை போன பிறகு அந்தத் தெருவாலேயே நான் போவதில்லை. நேற்றுப் போனேன். ஆறு தடிப்பில் ஆறு கம்பி வாங்கினேன். இதோடு வருகிறது.

அந்தச் செயின் போல்ட்டைப் பற்றி வாசித்ததை எத்தனை தரம் திரும்ப வாசித்தேன் என்று தெரியவில்லை. நூலளவாக இழுக்கும், நிறுத்திய இடத்தில் நிற்கும். கடையில் விற்கிற சாவியும் இதைத்தானே செய்கிறது! வளையம் சுற்றாமல் பள்ளம் வெட்ட வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீ பார்த்திருப்பாய்.

தலை மாறிவிட்டது என்றானா குணம்? அவனுக்கு இரண்டு கையும் இருக்கிறது, அவனுக்கு எப்படித் தெரியும்? எல்லாக் கிற்றாரிலும் சாவி இடது கைக்குத்தான். என் இடது கையால் ஒரு போத்தல் மூடியைத் திறக்க முடியாது. அதை நான் உனக்கு எழுதவில்லை. வலது கைக்கு எட்டுகிற இடத்தில் ஆறு நட்டையும் வைத்திருக்கிறாய், காரணத்தை அவனிடமும் சொல்லாமல், என்னிடமும் சொல்லாமல். அந்த வரியை வாசித்துவிட்டு வெளியே போய் நின்றேன். உலகத்தில் எத்தனையோ பேர் கிற்றார் செய்கிறார்கள். என் கைக்கென்று செய்தவள் நீ ஒருத்திதான். உன்னைப்போல் ஒருத்தி எனக்கு வாய்த்ததற்கு நான் என்ன நன்மை செய்தேனோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

நீ கேட்ட கை இத்துடன் இருக்கிறது. பார்த்துக்கொள்.

ஆனால் ஊருக்கு வருவது வேறு கதை புள்ள. கையெழுத்து வைக்கிற கடதாசியைத் தந்துவிட்டார்கள். இரும்பைக்கூட இந்தக் கை பிடிக்குமோ தெரியாது. பிடிக்காவிட்டால், நீ இவ்வளவு பாடுபட்டுச் செய்த சாமானுக்கு முன்னால் நான் என்ன முகத்தோடு இருப்பேன்? எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் காலிதீன்


மருதமுனை
20.06.1981

மச்சான்,

கை வந்தது. அழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அழுதேன். அழுதுவிட்டு அளந்தேன்.

கம்பியைப் போட்டோம். உங்கள் கடிதத்தை நான் வாசிக்க, குணம் அண்ணன் நீங்கள் சொன்ன மாதிரியே நெற்றியில் அடித்துக்கொண்டார். ஒவ்வொரு நட்டாகத் திருகிச் சுருதி சேர்த்தார். ஆறாவது சேர்ந்ததும் என்னைத் தட்டச் சொன்னார். தட்டினேன். ஆறும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு எழும்பின. பிறகு அவர் இரும்பை வைத்து ஒரே ஓர் இழுவை இழுத்தார். பக்கத்து வளவில் தறிச் சத்தம் நின்றது. அதற்கு அடுத்த வளவிலும் நின்றது. வேலிக்கு மேலால் ஆறேழு தலை. பின்கதவுக்குப் பலகை போய்விட்டதென்று இத்தனை நாளும் முகத்தைத் தூக்கி வைத்திருந்த வாப்பா என்ன சொன்னார் தெரியுமா?

"காலிதீன்ட கையில இது கிடைக்கட்டும் புள்ள. மறுகா பாரு."

நான் எழும்பி எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். நீங்கள் பிடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? இரும்பு உங்களைப் பிடிக்கும். டிராக்டர் பிஸ்டனுக்குள் ஒரு பின் இருக்கும், உருண்டையாய், கண்ணாடி மாதிரி வழுவழுப்பாய், நடுவில் ஓட்டையாய். குவைத்திலிருந்து லீவில் வந்திருக்கிற அபூசாலி காக்காவின் டிராக்டரைப் பிரித்துப் போட்டிருந்தார்கள், பழையதைக் கேட்டு வாங்கினேன். பாவு நூலை நாலு மடங்காக்கி ஒரு பட்டி நெய்து, அந்த ஓட்டைக்குள்ளால் எடுத்திருக்கிறேன். ஒரு நுனி சுட்டுவிரலில் மோதிரம் மாதிரி ஏறும். மறு நுனி மணிக்கட்டில் கட்டும். இரும்பு சுட்டுவிரலுக்குக் கீழே படுத்திருக்கும், மடங்காத மூன்று விரலும் கம்பிகளின் மேல் சும்மா கிடந்தால் போதும். அதற்குத்தான் மனிசரே அன்றைக்கே கையைக் கேட்டேன். நீங்கள்தான் பெரிய மானஸ்தன்!

அபூசாலி காக்கா நோன்பு மாதத்துக்குள் குவைத்துக்குத் திரும்புகிறார். அவரிடம் இரும்பை மட்டும் கொடுத்துவிடுகிறேன். கிற்றாரை அனுப்ப மாட்டேன். அது இங்கே, என் தறிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கையெழுத்து உங்கள் கை, நான் பிடித்து இழுக்க முடியாது. ஆனால் என் மனதில் உள்ளதை மறைக்க மாட்டேன். நீங்கள் வரவேண்டும். வாசித்தாலும் வரவேண்டும், வாசிக்காவிட்டாலும் வரவேண்டும். வராமல் இருக்கப் போகிறீர்களென்றால் இரும்பைத் திருப்பி அனுப்புங்கள், டிராக்டருக்காவது உதவும்.

ஸாலிஹா


குவைத்
24.07.1981

ஸாலிஹா,

அபூசாலி காக்கா வந்து சேர்ந்த அன்றே நாங்கள் தங்கியிருக்கிற முகாமைத் தேடி வந்துவிட்டார். பொட்டலத்தைத் தந்துவிட்டுப் போகாமல் நின்றார். "போட்டுக் காட்டு, அவள் பாத்து வரச் சொன்னவள்" என்றார். உன் ஒற்றரை எனக்குத் தெரியாதா!

அறைக்குள் போட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மொட்டை மாடிக்குப் போனேன். அங்கே இரண்டு இரும்புத் தூணுக்கு நடுவில் உடுப்புக் காயப்போடுகிற கம்பி இறுக்கிக் கட்டியிருக்கிறது. சட்டைகளை ஓர் ஓரமாகத் தள்ளினேன். பட்டியை விரலில் ஏற்றி, பல்லால் கடித்து மணிக்கட்டில் முடிந்தேன். கையை உதறிப் பார்த்தேன், இரும்பு விழவில்லை. கம்பியில் வைத்தேன். வலது கையால் தட்டினேன். இழுத்தேன்.

புள்ள, அது பாடியது! உடுப்புக் கம்பி பாடியது! என் இந்தக் கை, ஏழு மாதமாகச் சட்டைப் பைக்குள் ஒளித்து வைத்திருந்த கை, மேலே போகச் சத்தம் மேலே போனது, நடுங்கச் சத்தம் நடுங்கியது. கல்யாண வீடுகளில் வாசித்தபோதுகூட என் சத்தம் இப்படி அழுததில்லை. நானும் அழுதேன். அபூசாலி காக்கா சட்டைகளுக்குப் பின்னால் போய் நின்று மூக்கைச் சிந்தினார். நோன்பு திறக்க ஈத்தம்பழத்தோடு கூப்பிட வந்தவர்கள் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்கள்.

மறுநாள் கம்பனிக் கந்தோருக்குப் போய் அந்தக் கடதாசியைத் திருப்பிக் கொடுத்தேன். கையெழுத்து வைக்கவில்லை. ஓகஸ்ட் முடிய வருகிறேன். கல்முனையில் எவன் கை எப்படி என்று கேட்டாலும் கேட்கட்டும், காட்டுகிறேன்.

டிக்கெட் கொஞ்சம் சுணங்கும் என்கிறார்கள். அதற்குள் ஒரு சின்ன வேலை. வேகமாக இழுக்கும்போது பட்டி பெருவிரல் பக்கம் கொஞ்சம் வழுக்குகிறது. உன் பிழை இல்லை, கை மெலிந்துவிட்டது. நீ இன்னொரு பட்டி நெய்து வைப்பதற்காகக் கையைத் திரும்பக் கீறி இத்துடன் வைத்திருக்கிறேன். இந்த முறை இரும்பையும் சேர்த்துக் கீறியிருக்கிறேன், பார்.

உன் காலிதீன்


மருதமுனை
10.08.1981

மச்சான்,

பெருநாளைக்கு அடுத்த கிழமை உங்கள் கடிதம் வந்தது. எனக்கு அன்றைக்குத்தான் பெருநாள். வாப்பா நாலு வளவுக்கும் போய்ச் சொல்லிவிட்டார். உங்கள் பழைய கிற்றாரையும் கொண்டுவந்து நிற்கிறார் குணம் அண்ணன். "அவன் அதை வாசிக்க, நான் இதை வாசிக்கப்போறன்" என்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பலகையில் சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. புதுக் கம்பி, இழுபடும்தானே. அவர் திருகப் போனார், விடவில்லை. அந்த ஆறு நட்டும் உங்கள் வலது கைக்கு. வந்து நீங்கள் திருகுங்கள்.

பட்டி வழுக்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். புதிதாக நெய்யவில்லை. நூலும் தறியும் இங்கே தயாராக இருக்கிறது, உங்களைப் பக்கத்தில் இருத்தி அளந்துதான் நெய்வேன். இனிமேல் கடதாசியில் கை அனுப்ப வேண்டாம். கையைக் கொண்டு வாருங்கள்.

ஸாலிஹா